சொல்லாமல் கொடுத்த மருந்து

ஒரு மனிதர் தனக்குத் தெரியாமலேயே மருந்து சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒழுங்காகத் தொழிலுக்குப் போய், பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கல்பிட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலக் கிளினிக்கில் நான் உதவியாளராக இருந்தேன். வேலையை விட்டு, மகள் பிறந்து, அவள் இப்போது வீடு முழுக்க ஓடித் திரிகிறாள். இந்தக் கேள்வி மட்டும் நான் விட்டுவந்த இடத்திலேயே நிற்கிறது.

எழுதச் சொன்னவள் சப்னா. எத்தாளை ஊர்ப் பிள்ளை, என் இடத்துக்கு வந்திருப்பவள். போன மாதம் போன் எடுத்தாள்.

"பென்சன்காரி அக்கா, எப்பிடிச் சுகம்?"

எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை, பென்சனும் கிடையாது. ஆனாலும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சில நாட்களில் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

"இனிப் பெண்சாதிமார் வந்து கேட்டா மருந்து குடுக்க ஏலாதாம், அக்கா. நோயாளிதான் வரணுமாம். புது டொக்டர்ட ஓடர். இங்க எல்லாரும் என்னத்தான் ஏசுறாங்க. 'முந்தி இருந்த மிஸ் குடுத்தாவே, உனக்கென்ன வந்த?' எண்டு. நீங்க எப்பிடிக் குடுத்தீங்க? நம்மட மடலுக்கு எழுதித் தாங்களே, எனக்கும் ஒரு உதவியா இருக்கும்."

இந்த மடல் கிளினிக் வேலை செய்கிறவர்களுக்குள் மட்டுமே சுற்றுவதால் எழுதச் சம்மதித்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அப்படியும் எழுதலாமா என்று இரண்டு தரம் நிறுத்தினேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்புப் பக்கம் ஒரு மண்டபத்தில் சில மாதங்கள் உட்கார்ந்து நோய்களின் பெயர்களைப் பாடமாக்கினோம். கிளினிக்குக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, எனக்கு வேண்டியது அந்தப் பெயர்கள் அல்ல என்று. எங்கள் டொக்டர் சிங்களப் பெண். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுபவர்கள். இந்தக் கரையில் எல்லோருக்கும் ஓரளவு சிங்களம் தெரியும், மீன் விலை பேச அது போதும். ராத்திரியில் காதுக்குள் கேட்கும் குரலைப் பற்றிச் சொல்ல அது போதாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான்.

டொக்டர் கதிரைகளைத் தானே இழுத்துப் போடுவார். மேசை இடையில் வராமல் அதன் மூலைப் பக்கமாக நோயாளியின் கதிரை. எனக்கு நோயாளிக்குச் சற்றுப் பின்னால். நோயாளி என் முகத்தைப் பார்க்காமல் டொக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. கூட வந்த உறவுக்காரர் முதலில் வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். நோயாளி பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள்.

முதல் நாள் ஒரு அம்மா பேசியதை நான் சிங்களத்தில் சொன்னேன்: "அவருக்கு யாரோ கூப்பிடுவது போலக் கேட்கிறதாம்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "யாருக்குக் கேட்கிறது?"

"இவருக்கு, டொக்டர்."

"அப்படியானால், 'எனக்குக் கேட்கிறது' என்று சொல்லு. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டாதே, குறைக்காதே. நாகரிகமாக்கவும் வேண்டாம்."

அன்றிலிருந்து கிளினிக் நாள் முழுக்க நான் மற்றவர்களின் 'நான்'. நான் சாப்பிட மாட்டேன். என் சோற்றில் ஏதோ போட்டிருக்கிறார்கள். எனக்கு வாழ விருப்பமில்லை. பின்னேரம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்பார். பதில் வாயில் வரச் சற்று நேரமெடுக்கும். நான் கர்ப்பமாயிருந்தபோது, பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண் வந்தாள். "என்ட பிள்ளைய என்னட்ட விடாதீங்க, எனக்குப் பயமாயிருக்கு" என்றாள். அதை நான் என் வாயால் 'நான்' என்றே சொன்னேன். டொக்டர் அவளை நன்றாகப் பார்த்தார், அவள் சுகமானாள். ஆனால் நான் அந்த மாதமே வேலையை விடுவதாகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

டொக்டரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அப்போது கிளினிக் மாடியில் இருந்தது. கால் வழங்காத ஒரு பெண்ணை அவருடைய மகன்மார் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஒருநாள் பாதிப் படியில் அவர் அழுதுவிட்டார். "என்ன மீன் பெட்டி மாதிரித் தூக்குறாங்க, மிஸ்" என்றார். நான் மேலே போய் அதை அப்படியே சொன்னேன். டொக்டர் எழும்பி, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, வெளிநோயாளர் வரிசைக்குப் பக்கத்தில் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே ஒரு அறை கிடைக்கும்வரை ஒவ்வொரு கிளினிக்கும் அங்கேதான் நடந்தது. மேலிடத்தில் முறைத்தார்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. கதிரையைத் தூக்கியதுதான்.

பெண்சாதிமாருக்கு மருந்து கொடுக்கலாம் என்ற ஏற்பாடு என்னுடைய யோசனை. எங்கள் ஆண்கள் தீவில் வாடி என்ற குடிசை போட்டுத் தங்கி மீன்பிடித் தொழில் செய்பவர்கள். மீன் படும் காலத்தில் கிளினிக் நாளுக்காக யாரும் கரைக்கு வரமாட்டார்கள். வந்தால் போட்டில் அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும். மருந்து அறுந்து, வருத்தம் திரும்பி, மறுபடி ஆஸ்பத்திரி வாட்டுக்கு வருவார்கள். பெண்சாதி வந்து எடுத்து, ஐஸ் ஏற்றிப் போகும் போட்டில் கொடுத்துவிட்டால் என்ன என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை.

"மருந்துக் குளிசை அவள் கைக்குப் போனபிறகு அது யாருடையது?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கடைசியில் சம்மதித்தார். ஒரு முறை மனைவி வந்தால் அடுத்த முறை அவர் கட்டாயம் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை தொழில் காலத்தில் நிற்கவில்லை. ஆனால் அந்த வருடம் வாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் குறைவு. வேலையில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி மருந்து எடுக்க வந்தவர்களில் ஒருவர் ரீட்டா அக்கா. ஊர் கண்டக்குழி. அவருடைய கணவர் சேவியர் அண்ணன் போட்டில் வலை வேலை செய்பவர். முதலில் வருத்தம் வந்தபோது, போட் இஞ்சினுக்குள் இருந்து தன்னை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சொல்லி நடுக்கடலில் குதித்துவிட்டார். மற்றவர்கள் பிடித்து ஏற்றி, வலைக் கயிற்றால் கையையும் காலையும் கட்டி, லொறியில் கொண்டுவந்தார்கள். டொக்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கயிற்றைத்தான் அவிழ்க்கச் சொன்னார். மணிக்கட்டுகளில் தோல் உரிந்திருந்தது.

வாட்டில் சுகமாகி வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு ரீட்டா அக்கா மட்டுமே வந்தார். "அவர் தீவில, மிஸ். நல்லாயிருக்கார். நல்லா நித்திர கொள்றார்." ஒருநாள் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "மிஸ், குளிசையில சூடு பட்டாக் கெட்டுப்போகுமா?"

நான் டொக்டரிடம் சொன்னேன். ஏன் கேட்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

"வாடி தகரக் கூரதானே, டொக்டர். பகலில நெருப்பு மாதிரி."

நியாயமான பதில். நிழலான இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு காலை, வெளிநோயாளர் பகுதியிலிருந்து என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ரீட்டா அக்காவின் தம்பி நிக்சனைத் தீவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். தலை ஒரு பக்கமாகத் திருகி, தாடை இறுகி, கண்கள் மேலே செருகியிருந்தன. பேச முடியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரோ கழுத்தில் செபமாலை போட்டிருந்தார்கள். பேய் அடித்துவிட்டது என்று வாசலில் கதை. அவனைத் தாங்கிக்கொண்டு வந்தவர் சேவியர் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. கண்கள் சிவந்து, தாடி வளர்ந்து, பல ராத்திரிகள் தூங்காத முகம்.

டொக்டர் நிக்சனைப் பார்த்தவுடனேயே கேட்டார். "இவன் என்ன குளிசை குடித்தான்?"

"ஒண்டுமில்ல, டொக்டர்" என்றார் சேவியர் அண்ணன். "இவன் பனடோல் கூடக் குடிக்கிறவனில்ல."

"என்ன சாப்பிட்டான்?"

"பாணும் சீனிச்சம்பலும். நாலஞ்சு நாளா அதத்தான் வழிச்சு வழிச்சுத் தின்றான். என்ட சம்பல்தான் அது. ரீட்டா வெங்காயத்தச் சீனி போட்டு வதக்கி எனக்கெண்டு போத்தலில அனுப்புறது. நான் இந்தத் தவசுக்குச் சீனிச்சம்பல விட்டுட்டன். எங்கட கோயில் அன்னம்மாவுக்கு நேர்த்தி. வாட்டால வந்தபிறகு ஒரு குளிசையும் இல்லாம என்னச் சுகமாக்கின தாய்க்கு, எனக்கு ஆக விருப்பமானதத்தானே விடோணும்? அதால போத்தல மச்சானுக்குக் குடுத்தன்."

இதை நான் 'நான்' என்று சொல்லிச் சிங்களமாக்கினேன். ஒரு குளிசையும் இல்லாமல் என்னைச் சுகமாக்கிய தாய்க்கு. சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. டொக்டருக்கும் விளங்கியது. அவர் உடனே நிக்சனுக்கு ஊசி போடச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கழுத்து இளகியது. தாடை திறந்தது. அதற்குள் ரீட்டா அக்கா ஓட்டோவில் வந்து இறங்கி, தம்பியைப் பார்த்து, பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

டொக்டர் அவர்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். வழக்கம்போலக் கதிரைகளை இழுத்துப் போட்டார். பிறகு ரீட்டா அக்காவிடம் கேட்டார். "நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

அதை நான் தமிழில் சொல்லவே தேவையிருக்கவில்லை. ரீட்டா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "புள்ள, டொக்டர் என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும். நீ அதத் தமிழில சொல்லாத. பித்தம், சாப்பாடு ஒத்துக்கல்ல எண்டு ஏதாவது சொல்லிவிடு. இவர் திரும்பவும் நித்திர இல்லாமத் திரியிறார். இண்டைக்கு இதக் கேட்டாரெண்டா நாளைக்குத் திரும்பவும் கட்டுற கயிறுதான்."

சேவியர் அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன குசுகுசுப்பு?"

டொக்டர் என்னிடம் கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று. நான் அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டொக்டர் யோசித்தார். அவ்வளவு நேரம் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு சேவியர் அண்ணனைப் பார்த்தபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். உங்கள் மனைவி உங்களுக்கான குளிசைகளை இடித்து, சம்பலில் கலந்து அனுப்பியிருக்கிறார். நீங்கள் சுகமாக இருந்ததற்கு அது உதவியிருக்கிறது. நேர்த்திக்காக அதை விட்டதால்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது, அதைத் தின்றதால்தான் மச்சானுக்குக் கழுத்து இழுத்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் செய்தது சரியல்ல. நாங்களும் உங்களைப் பார்க்காமலே மருந்து கொடுத்தோம், அதுவும் சரியல்ல.

அவர் முதலில் சிரித்தார். பிறகு ரீட்டா அக்காவைப் பார்த்தார்.

"அப்ப அன்னம்மா?"

ரீட்டா அக்கா அழுதுகொண்டே சொன்னார்: "அன்னம்மாதான் எனக்கு அந்தப் புத்தியத் தந்தா."

"சனமெல்லாம் எனக்குப் பைத்தியம் எண்டப்ப, என்ட பெண்சாதி மட்டும் என்ன நம்பினா எண்டு நெனச்சன்" என்றார் அவர். "நீயும் அவங்கட ஆள்தானா?"

வெளியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிக்சன், பெஞ்சில் சாய்ந்தபடி, அக்காவைக் கண்டதும் சொன்னான்: "அடியே அக்கா, இனி அத்தானுக்கு வேற போத்தல், எனக்கு வேற போத்தல். பேரெழுதி ஒட்டி அனுப்பு." அவன் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

சேவியர் அண்ணன் அன்று வாட்டில் நிற்கச் சம்மதித்தார், ரீட்டா அக்கா எதிர்பார்த்ததுபோல ஓடிவிடவில்லை. அதற்குப் பிறகு கிளினிக்குக்குத் தானாகவே வந்தார். கதிரையில் உட்கார்ந்து டொக்டரிடம் நேராகக் கேட்டார்: "நான் வேணாம் எண்டு சொன்னா?"

"வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து வந்தால் மட்டும், நாங்கள் உங்களைக் கேட்காமல் மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அதை இப்போதே, நீங்கள் தெளிவாக இருக்கும்போதே, சொல்லி வைக்கிறேன்."

அவர் தலையாட்டினார். சில மாதங்கள் தன் கையாலேயே குளிசை குடித்தார். வலை இழுக்கக் கை ஓடவில்லை என்று சொன்னார், டொக்டர் குறைத்துக் கொடுத்தார். பிறகு டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. நானும் வேலையை விட்டேன். சேவியர் அண்ணனும் குளிசையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் வீட்டில் ஒன்று மாறவே இல்லை. ரீட்டா அக்காவின் கையால் அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. தானே அரிசி போட்டு, தானே குழம்பு கூட்டி, சட்டியை விட்டு நகராமல் நிற்பார். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. "சண்ட பிடிச்சாலும் பரவாயில்ல, புள்ள. ஒரு வாய் தின்றாரில்ல" என்று ரீட்டா அக்கா சொல்வார்.

எங்கள் வீடு அவர்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து போகும் வழியில் சேவியர் அண்ணன் என் மகளுக்கு இரண்டு மீன் கொண்டுவருவார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். தன் வீட்டுக்கு வெளியே அவர் வாய் வைக்கும் ஒரே இடம் எங்கள் வீடு. ஏன் என்று ஒருநாள் அவரே சொன்னார்: "அண்டைக்கு உனக்கு அத மாத்திச் சொல்ல ஏலுமாயிருந்திச்சு. நீ உள்ளதச் சொன்ன, தங்கச்சி."

கடந்த சில வாரங்களாக அவர் சரியில்லை. ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர் பலகையில் சறுக்கி விளையாட விடும் பட்டங்களின் கயிற்றில் கம்பி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். என் கணவர் அங்கே ஒரு விடுதியில் வேலை செய்கிறார், அவரிடம் விசாரித்துச் சொல்லச் சொன்னார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பித் திரும்பிக் கூரையைப் பார்த்தார். நான் கிளினிக்குக்குப் போவோமா, நானும் வருகிறேன் என்றேன்.

"அங்க இப்ப புது டொக்டர். எனக்கு அவரத் தெரியாது, அவருக்கு என்னத் தெரியாது. எனக்கு ஒண்டுமில்ல, தங்கச்சி."

சப்னாவிடம் சொன்னேன். அவள் இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாகனத்தைத் தெருமுனையில் கண்டதுமே அவர் பின்பக்கத்தால் கடற்கரைக்குப் போய்விட்டார்.

போன கிழமை ரீட்டா அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசைகளை அவிழ்த்து மேசையில் வைத்தார். முன்பு மிஞ்சியவையாம்.

"உன்ட தேத்தண்ணியில போடு, புள்ள."

"அக்கா, என்னால ஏலாது. இது எத்தின நாள் பழசோ தெரியாது. டொக்டர் பாக்காமக் குடுக்கக் கூடாது."

"அப்ப கட்டிக் கொண்டுபோகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கச் சொல்றியா? போட்காரங்க கதைக்கத் தொடங்கிட்டாங்க. போன முற அவர் கைய நீ பாத்தாய்தானே? உன்னத்தான் அவர் நம்புறார். உன்னத் தவிர வேற ஒருத்தரையும் நம்பல்ல."

"அதாலதான் ஏலாது, அக்கா."

"நீ படிச்ச புள்ள. உனக்குச் சரி பிழ பாக்க நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். குளிசைகளை எடுத்துப் போகவில்லை. மகளின் கை எட்டாதபடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பூட்டினேனா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பதே இப்போது என் வேலையாகிவிட்டது.

நான் அவற்றைப் போடப் போவதில்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றதெல்லாம் சந்தேகம்தான். ரீட்டா அக்கா வந்ததை அவரிடம் சொன்னால், அந்த வீட்டில் மிஞ்சியிருப்பதும் போய்விடும். சொல்லாமல் தேத்தண்ணி கொடுத்தால், அவர் என்னிடம் நம்பிய அந்த ஒன்றை நானும் மறைத்தவளாவேன். சும்மா இருந்தால் கயிறு வரும். அவருக்கு ஆபத்து வரும்வரை காத்திருப்பதுதான் அவருடைய உரிமையைக் காப்பதா? இல்லை, அது எனக்கு வசதியான ஒரு சொல்லா? மகளைத் தூங்க வைத்துக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். அன்று அறைக்குள் டொக்டர் அவ்வளவு நேரம் யோசித்தபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்றும் யோசிக்கிறேன்.

சப்னா, நீ கேட்ட கேள்விக்கும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. பெண்சாதிமாருக்குக் கொடுத்தால் மருந்து கிடைக்கும். கொடுக்காவிட்டால் மனிதன் தானாக வரவேண்டும். சிலர் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். புது டொக்டர் பிழையென்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவரைத் தீவுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போ.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். சரியாக முடியாததையும் எழுதுங்கள். உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களிடமும், அவர்கள் விரும்பினால் மட்டும், கேட்டுப் பாருங்கள். சுகமில்லாத நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் என்ன செய்திருந்தால், சுகமான பிறகும் அவருடைய வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பீர்கள் என்று. அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். சேவியர் அண்ணன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்.